துடைக்க மட்டும்தான் செய்தேன்

அந்தக் கண்டக்டர் தம்பி கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை அக்கா. மூன்று பேர் உட்காருகிற சீட்டில் ஒரு மனுஷன் காலை நீட்டி வைத்துக்கொண்டு வந்தால் யாரும் கேட்கத்தான் செய்வார்கள். அது இன்றைக்குக் காலையில் போட்ட மாவுக்கட்டு, இன்னும் சரியாகக் காயவில்லை, தொங்கப் போட்டால் கால் வீங்கிவிடும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? "பெரியவரே, காலுக்கும் ஒரு டிக்கெட் போடவா?" என்றான். இவர் என்ன சொன்னார், கேட்டீர்களா? "முழு டிக்கெட் போட்டுராதீங்க தம்பி, ரெண்டு விரல் குறையுது, பாத்துப் போடுங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், பார்த்தேன். சிரிக்கலாம். அவர் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறார். எனக்குத்தான் வரவில்லை.

ஆமாம், என் வீட்டுக்காரர்தான். அவர் பக்கத்தில் நான் உட்கார வேண்டிய இடத்தில் கால் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் உங்களை நெருக்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் சாத்தூரா? நாங்கள் கோவில்பட்டியில் இறங்கிவிடுவோம். அங்கே பஸ் ஸ்டாண்டில் என் மகன் ஓசூரிலிருந்து கார் கொண்டுவந்து நிற்கிறான்.

சர்க்கரைக் கால்தான். கேட்டீர்களே, அதான் சொல்கிறேன். மெதுவாகச் சொல்கிறேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். காலில்தான் உணர்ச்சி கிடையாது.

கோவில்பட்டி பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் முப்பத்தாறு வருஷம் நின்றார். நின்றார் என்றால் நின்றார்தான். அங்கே உட்காருகிற வேலை முதலாளிக்கு மட்டும். வெள்ளை விரித்த மேடையில் செருப்போடு ஏறக் கூடாது. சேலை எடுக்க வருகிறவர்களே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள், எடுத்துப் போடுகிறவர் காலில் செருப்போடு நிற்க முடியுமா? காலை ஒன்பதுக்கு ஏறினால் ராத்திரி ஒன்பதுக்கு இறங்குவார். அடிப்பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை மாதிரி ஒரு காய்ப்பு. வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்றால் ஒன்றுமில்லை என்றுதானே நினைப்போம்?

ஒரு வெள்ளிக்கிழமை, வீட்டில் தரையில் பொட்டுப் பொட்டாகச் சிவப்பு. சாமிக்கு வைத்த குங்குமம் சிந்திவிட்டதோ என்று குனிந்து தொட்டேன். ஈரமாக இருந்தது. பொட்டு போன வழியே போய்ப் பார்த்தால், அடுக்களையில் இவர் நின்றுகொண்டு முறுக்கு தின்கிறார். "ஏங்க, காலைத் தூக்குங்க" என்றேன். தூக்கினார். அந்தக் காய்ப்பு பிளந்து, உள்ளே ஒரு பாக்கு போகிற குழி. "அட, இது எப்ப?" என்று என்னைக் கேட்கிறார்.

திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனோம். அங்கே காலுக்கென்றே ஒரு டாக்டர், சின்னப் பொண்ணு, என் மகள் கோமதி வயசுதான் இருக்கும். சுத்தம் பண்ணி, கட்டுப் போட்டு, ஒரு செருப்புக் கொடுத்தது. அந்த மாதிரிச் செருப்பை நான் பார்த்ததே இல்லை அக்கா. குதிகால் பக்கம் மட்டும் கட்டை மாதிரி உயரம், முன்பக்கம் அந்தரத்தில் நிற்கிறது. நடந்தால் குதிகால் மட்டும்தான் ஊன்றும், புண் இருக்கிற இடம் தரையில் படாது. இவர் அதைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "இன்னொரு காலுக்கும் இருந்தா பொய்க்கால் குதிரை ஆடவே போயிரலாம்மா" என்றார். அந்தப் பொண்ணு சிரித்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டது.

"அம்மா, வாசல்ல கோலம் போடுவீங்கல்ல? ஒரு மணி நேரம் புள்ளி வச்சுப் போட்ட கோலத்தை அழிக்க எத்தனை மிதி வேணும்?"

"ஒண்ணு போதும்மா" என்றேன்.

"அவ்வளவுதான். உள்ள புதுச் சதை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமா வரும். ஒரு தடவை மிதிச்சார்னா போச்சு. மருந்து வைக்கிறது என் வேலை. மிதிக்காம பாத்துக்கிறது உங்க வேலை. கட்டில்ல இருந்து இறங்கினா இந்தச் செருப்பு கால்ல இருக்கணும்."

"வீட்டுக்குள்ளயுமா?"

"வீட்டுக்குள்ளதாம்மா. வெளியே அவர் எங்க நடக்கப் போறார்?"

நன்றாகத்தான் புரிந்தது. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். புரியவில்லை என்று சொல்ல முடியாது.

அன்றைக்குத் திரும்பி வரும்போது, இதே மாதிரி ஒரு பஸ்ஸில்தான், செண்பகவல்லி அம்மனை நினைத்து நேர்ந்துகொண்டேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வீட்டில் அணையாமல் விளக்கு வைக்கிறேன் தாயே, இந்தக் காலை ஆற்றிக் கொடு. நாற்பத்தெட்டு நாளும் ஒரு வேளைச் சாப்பாடு. வீடு சுத்தமாக இருக்கும். யாரும் கேட்டு நேரவில்லை அக்கா. வாய் தன்னாலே சொல்லிவிட்டது. நம்மால் வேறென்ன செய்ய முடியும்?

ஆனால் உடனே ஏற்ற முடியவில்லை. மறுநாளே தூத்துக்குடியிலிருந்து போன். மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன். ஓடினேன். பன்னிரண்டு நாள் அங்கே. இங்கே இவர் தனியாகக் கிடந்தார். கடைக்கார நண்பர் ஒருத்தர் சாப்பாடு வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்றபடி இவரும் அந்தச் செருப்பும்தான்.

நான் திரும்பி வந்த மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டைப் பிரித்த அந்தப் பொண்ணு, "பாருங்கம்மா, பாருங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியது. பாக்கு அளவு இருந்த குழி உளுந்து அளவு ஆகிவிட்டது. ஓரமெல்லாம் ரோஸ் நிறத்தில் சதை. "இப்படியே போனா ஒரு மாசத்துல மூடிரும்" என்றது.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விளக்கு ஏற்றுவதற்கு முன்னாலேயே அம்மன் பாதி ஆற்றிவிட்டாளே, ஏற்றினால் இன்னும் எப்படி ஆற்றுவாள் என்று தோன்றியது. சொன்ன வாக்கை இன்னும் தள்ளிப்போடக் கூடாது என்று பயமாகவும் இருந்தது. அன்றைக்கே வீடு முழுக்கக் கழுவினேன்.

எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி அக்கா. முன்னால் ஒரு அறை, அதில் இவர் கட்டில். நடுவில் ஒரு அறை, நடுவீடு என்போம், அதில்தான் சாமி. அதற்குப் பின்னால் அடுக்களை, குளியலறை, எல்லாம். நடுவீட்டைத் தாண்டாமல் ஒரு சொம்புத் தண்ணீர்கூட எடுக்க முடியாது. நான் ஊரில் இல்லாத பன்னிரண்டு நாளும் அந்தச் செருப்போடுதான் சாமி முன்னால் போய் வந்திருக்கிறார். தரையில் அரைவட்டம் அரைவட்டமாகத் தடம். மஞ்சள் தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடியாத மனுஷன், என்ன செய்வார்?

மறுநாள் விடிகாலையில் குளித்து, குத்துவிளக்கில் நல்லெண்ணெய் விட்டு ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் எழுந்தார். டக், டக், டக் என்று அந்தச் செருப்புச் சத்தம் நடுவீட்டுக்குள் வருகிறது. சாமி முன்னால் செருப்பா என்று எனக்கு இருந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. ஒரு ஈரத்துணியை எடுத்து, அவர் போன பிறகு துடைத்தேன். திரும்பி வந்தார். துடைத்தேன். தண்ணீர் குடிக்கப் போனார். துடைத்தேன். துடைக்க மட்டும்தான் செய்தேன்.

"என்ன பிரமு, பின்னாடியே வாறே? கையில ஒரு விசிறியும் இருந்தா சாமி புறப்பாடுன்னு ஊர் பேசும்ல?" என்றார்.

"தரை ஈரமா இருந்தா வழுக்கிருமேன்னு துடைக்கேன்" என்றேன்.

ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அப்படிச் சொன்னேன்.

மூன்றாம் நாள். நான் சாமி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். டக், டக் என்று வந்த சத்தம் நிலைப்படியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அந்தச் செருப்பின் ஒட்டுப்பட்டையைப் பிரிக்கிறார். முப்பத்தாறு வருஷம் கடை வாசலில் கழற்றின பழக்கம் பாருங்கள், கழற்றினதை அழகாகச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

நான் சிரித்தேன் அக்கா.

வேறொன்றும் செய்யவில்லை. சிரித்தேன். அன்றைக்கு மத்தியானம் அவருக்குப் பிடித்த சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் பிழிந்து, முருங்கைக்காய் எல்லாம் போட்டு. எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான், அவருக்காகத்தான் வைத்தேன். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது, வைத்தேன். செருப்பைக் கழற்றினதற்குத்தான் என்று அவர் நினைத்திருப்பாரோ? தெரியவில்லை.

அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. நடுவீட்டு நிலைப்படியில் கழற்றுவார். பன்னிரண்டு அடி நடந்து அடுக்களைக்குப் போவார். திரும்பி வந்து போட்டுக்கொள்வார். வெறும் தரையில் நடக்கிறாரே என்று எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. என்னுடைய பழைய நூல் சேலை ஒன்று, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகப் போனது, அதை நாலாக மடித்து நிலைப்படியிலிருந்து அடுக்களை வரைக்கும் விரித்துவிட்டேன். மெத்தென்று இருக்கட்டும் என்று. "ராஜா நடக்க விரிச்சிருக்கா, பாருங்கடே" என்று அதற்கும் சிரிப்பு. கையைப் பிடித்து மெல்ல மெல்ல நடத்திப் போவேன். பாரம் என் மேல் இருக்கட்டும், கால் மேல் போக வேண்டாம் என்று. நாற்பது வருஷத்தில் நாங்கள் அப்படிக் கையைப் பிடித்து நடந்ததே கிடையாது. அம்மன் முன்னால் அவரோடு கை கோத்து நடக்கிறேன் என்று உள்ளுக்குள்ளே ஒரு இது.

எந்த ஊர் வந்திருக்கிறது? கயத்தாறா? இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது, இல்லையா?

அடுத்த தடவை அந்த டாக்டர்ப் பொண்ணு கட்டைப் பிரித்தது. ஒரு கம்பியை உள்ளே விட்டுப் பார்த்தது. கம்பி போய்க்கொண்டே இருந்தது. இவர் அந்தப் பக்கம் நர்ஸிடம், "இந்தக் கட்டுத் துணி அகலம் கம்மியா இருக்கேம்மா, மீட்டர் என்ன விலைக்கு எடுக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"ஐயா," என்றது டாக்டர்ப் பொண்ணு. "போன தடவை இவ்வளவு நல்லா இருந்ததே. இடையில என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலையேம்மா."

"அம்மா, நீங்க சொல்லுங்க."

என் மடியில் ஒரு பொட்டலம் இருந்தது. கோயில் குங்குமம். அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கலாம் என்று கொண்டுபோயிருந்தேன். அதை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன். "ஒண்ணும் இல்லம்மா. எப்பவும் போலத்தான்" என்றேன்.

"செருப்பைக் கழட்டுறீங்களா ஐயா? நிஜத்தைச் சொல்லுங்க."

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. நேராக அந்தப் பொண்ணையே பார்த்து, "ஆமாம்மா. அப்பப்போ கழட்டிப் போட்டுருதேன். கடைக்காரன் காலு, மறந்து போயிருது" என்றார்.

பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை அக்கா. ஒரு தடவை என் பக்கம் திரும்பியிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பொண்ணு அவரைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசியது. சின்னப் பையனை ஏசுகிற மாதிரி. "உங்க வீட்டம்மா முகத்தைப் பாருங்க, எப்படி வாடிப் போயிருக்காங்க. அவங்களுக்காகவாவது போடக் கூடாதா?" என்றது. நான் ஒரு வேளைச் சாப்பாட்டில் வாடியிருந்தேன்.

வரும்போது பஸ்ஸில் இவர் மெல்ல, "இன்னும் எத்தனை நாள் பிரமு, விளக்குக்கு?" என்றார்.

"இருபத்தாறு."

"இருபத்தாறுதானே. முடிஞ்சிரட்டும். முடிஞ்சதும் ராவும் பகலும் போட்டுக்கிடுதேன். இடையில கெடுக்க வேண்டாம்."

எனக்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது. தெரிந்தும் "சரிங்க" என்றேன்.

நாற்பத்தோராம் நாள் குளிர்காய்ச்சல். கட்டைத் தாண்டி வாடை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். பெருவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுக்க வேண்டும். ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது இவர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "தாணம்மாளை எண்ணெய் ஊத்தச் சொல்லிட்டியா?" என்றார். தாணம்மாள் பக்கத்து வீடு. சாவி அவளிடம்தான் இருந்தது. ஊற்றியிருந்தாள். நாற்பத்தெட்டு நாளும் விளக்கு அணையவே இல்லை அக்கா. ஒரு நாழிகைகூட அணையவில்லை.

தாணம்மாள் ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காலோட போக வேண்டியது விரலோட போச்சுன்னா அது உன் விளக்குதான் பிரமு" என்றாள். தெருவில் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டுகிறேன். இல்லை என்று எப்படி ஆட்டுவது?

மகன் ஓசூரில் வேலை. ஆவுடையப்பன், இவருடைய அப்பா பேர். ராத்திரியோடு ராத்திரியாக வந்தான். வந்தவன் வார்டு என்றும் பார்க்கவில்லை, கத்தினான். "அம்மா பட்டினி கிடந்து விளக்கு வைக்குது. உங்களுக்கு ஒரு செருப்பைப் போட அவ்வளவு வலிக்குதாப்பா?"

"வலிச்சாத்தான் போட்டிருப்பேனேடே. வலிக்க மாட்டேங்குதே" என்றார் இவர்.

"இந்தப் பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றான். கோமதி என்னைக் கட்டிப்பிடித்து, "நீ எவ்வளவுதாம்மா தாங்குவே" என்றாள். அவள் ஆபரேஷன் பண்ணின வயிறு. நான்தான் அவளைத் தாங்க வேண்டும். என்னைத் தாங்குகிறார்கள்.

நான் சொல்லிப் பார்த்தேன் அக்கா. சொல்லாமல் இல்லை. போனில் ஆவுடையிடம், "நானும்தாம்ப்பா சரியாக் கவனிக்கல" என்றேன். "நீ என்ன பண்ணுவேம்மா, அவர் யார் பேச்சைக் கேட்டார்?" என்று வைத்துவிட்டான். என் பேச்சைக் கேட்டார். பேசாமலே கேட்டார். அதை எப்படிச் சொல்வது?

அம்மனிடம் சொன்னேன். நின்று நின்று சொன்னேன். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

தையல் போட்ட இடத்தில் கொஞ்சம் இன்னும் மூடவில்லை. அதற்குத்தான் இன்றைக்கு இந்த மாவுக்கட்டு. காலோடு ஒட்டி, விரல் முனையிலிருந்து முட்டி வரைக்கும். பாரம் எல்லாம் மாவுக்கட்டிலேயே போய்விடும், புண்ணில் இறங்காது. டாக்டர்ப் பொண்ணு என்னிடம், "அம்மா, நம்பிச் செருப்பைக் கொடுத்துப் பாத்தாச்சு. இது அவரால கழட்ட முடியாத கட்டு. இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றது. வாரத்துக்கு ஒரு தடவை ஆஸ்பத்திரியில்தான் வெட்டி எடுத்து மாற்ற வேண்டும்.

அது போதாதென்று ஆவுடை ஒரு முடிவு பண்ணியிருக்கிறான். அப்பாவை ஓசூருக்குக் கூட்டிப்போகிறான். மூன்று மாசமோ நாலு மாசமோ. அங்கே ஒரு ஆஸ்பத்திரி பார்த்து வைத்துவிட்டான். மூன்றாம் மாடி வீடு. பகலில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் அறையில் காமிரா மாட்டியிருக்கிறானாம். அப்பா எழுந்து நடக்கிறாரா என்று ஆபீஸிலிருந்தே போனில் பார்த்துக்கொள்வானாம். முப்பத்தாறு வருஷம் ஆயிரம் பேரோடு பேசின மனுஷன் அக்கா இவர். சாயந்தரம் கடை நண்பர் இரண்டு பேர் வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாவிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. காமிராவிடம் என்ன பேசுவார்?

"நானும் வாறேன்" என்றேன். "வேண்டாம்மா. நீ பட்டதெல்லாம் போதும். கொஞ்ச நாள் நிம்மதியா இரு" என்கிறான். எல்லோரும் என்னை நிம்மதியாக இருக்கச் சொல்கிறார்கள்.

இவரும் மறுக்கவில்லை. "மகன் கூப்பிடுதான், போயிட்டு வாறேன். உனக்கும் ரெஸ்ட்டு" என்கிறார். நேற்று ராத்திரி பெட்டியில் வேட்டியை மடித்து வைக்கும்போது பார்த்தேன். கடையில் மடிக்கிற மாதிரி, ஓரம் ஓரத்தோடு சேர்த்து, நீவி நீவி. ஒரே வேட்டியைத் திரும்பத் திரும்பப் பிரித்து மடித்தார்.

ஆவுடையிடம் உண்மையைச் சொன்னால் அவரை என்னோடேயே விட்டுவிட்டுப் போவான். ஆனால் விட்டால்? அதுவும் என்னை உறுத்துகிறது. இன்றைக்கு விடிகாலையில் கிளம்புவதற்கு முன்னால், ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டைத் தாண்டினார். நாலு ரப்பர்க் கால். அவர் தாண்டினதும் பார்க்கிறேன், என் கையில் ஈரத்துணி. நான் எடுக்கவே இல்லை அக்கா, கை எடுத்திருக்கிறது. இரண்டு தடம் துடைத்தும் விட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என்கூட இருப்பதைவிட அவர் ஓசூரில் காமிராவோடு இருப்பதே காலுக்கு நல்லதோ என்று தோன்றியது. ஆனால் போவது அவர். பெத்த பிள்ளைகள் முன்னால் சொன்ன பேச்சுக் கேட்காதவர் என்று பேர் வாங்கிக்கொண்டு போகிறார். நான் விளக்கு வைத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

இல்லை, அப்படிச் சொல்லாதீங்க அக்கா. "வேணும்னேவா செஞ்சீங்க, தெரியாமத்தானே செஞ்சீங்க" என்று நீங்களும் சொல்லாதீங்க. யாரிடம் சொன்னாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று சொல்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அந்தச் சேலை விரித்தேன் என்றேன் இல்லையா, மெத்தென்று இருக்கட்டும் என்று. இரண்டாம் நாளே அதில் ஒரு ஈரம் பார்த்தேன். தண்ணீர் இல்லை. லேசாக மஞ்சள், நடுவில் ஒரு துளி சிவப்பு. அவர் கால் வைத்து வைத்துப் போன வழியில், அடிக்கு ஒன்று. கோலப்புள்ளி மாதிரி. அந்தப் பொண்ணு சொன்னது உடனே ஞாபகம் வந்தது. மிதிபடுகிறது என்று தெரிந்தது. அவருக்குத் தெரியாது, கால் சொல்லாதே. எனக்கு மட்டும்தான் தெரியும்.

எடுத்துத் துவைத்துப் போட்டேன் அக்கா. வேறு சேலை விரித்தேன். மறுநாளும் இருந்தது. துவைத்தேன். தினமும் துவைத்தேன், அவர் எழுவதற்கு முன்னால். டாக்டரிடம் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் செருப்பைப் போட்டுவிடுவாரே. நாற்பத்தெட்டு நாள் கெட்டுப்போகுமே. கடைசி நாள் வரைக்கும் அந்த நடுவீடு அவ்வளவு சுத்தமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள், தெரியாமல் செய்தேன் என்று.

அழவில்லை. கண்ணில் காற்று அடிக்கிறது. அந்த ஜன்னலை... வேண்டாம், இருக்கட்டும். வந்துவிட்டது. இதுதான் எங்கள் ஊர்.

அந்தா நிற்கிறான் பாருங்கள், நீலச் சட்டை, கையில் கார் சாவி. அவன்தான் ஆவுடை. பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஏறுகிறான். அப்படியே இவருடைய நடை, சின்ன வயசில்.

ஏ ஆவுடை, மெல்லப்பா. கக்கத்துல கை கொடு, கட்டைப் பிடிச்சு இழுக்காதே. என்ன? ஏன்டா ஏறினதும் ஏறாததுமா அவுகளை ஏசுதே? அவுக ஒரு அடிகூட நடக்கல. நான் பாத்துக்கிட்டுத்தானே வாறேன். கால் கீழ படல.

நில்லு. அப்பாவை இறக்காதே, கொஞ்சம் நில்லு. கண்டக்டர் தம்பி, ஒரே நிமிஷம்ப்பா, விசில் அடிச்சிராதே.

ஆவுடை, நான் சொல்லுததைக் கேளு. செருப்பை அவுகளாக் கழட்டல. நான்தான் கழட்ட வச்சேன். வாயைத் திறந்து சொல்லல, ஆனா நான்தான். நடுவீட்டுக்காக. விளக்குக்காக. அவுக மேல ஒரு தப்பும் கிடையாது.

எதுக்குச் சிரிக்கே? அப்பாவுக்குப் பரிஞ்சு பேசலடா. நிசமாத்தான் சொல்லுதேன். அம்மாவுக்கு ஒரு எறும்பை மிதிக்கக்கூடத் தெரியாதா? யாரு சொன்னா உனக்கு?

நீங்க சும்மா இருங்க. "விடு பிரமு, விடு பிரமு"ன்னுட்டு. இவ்வளவு நாளும் விட்டது போதாதா?

அக்கா, கொஞ்சம் எந்திரிங்க அக்கா. இவன் நம்ப மாட்டேங்கான். நான் நல்லவளாம். நீங்க சொல்லுங்க இவன்கிட்ட. உங்ககிட்ட இப்பதானே எல்லாம் சொன்னேன்? சேலையில ஈரம் இருந்ததைச் சொல்லுங்க. அதை நான் பாத்தேன்னு சொல்லுங்க. பாத்துட்டுத்தான் துவைச்சேன்னு சொல்லுங்க.